ஜேர்மனி மாப்பிள்ளையின் ஓடும் வீடு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் படம் அனுப்புகிற எவனும் தன்னுடைய சாமானுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. கார் பக்கத்து வீட்டுக்காரனுடையது. பூந்தோட்டம் நகரசபையினுடையது. தோளில் கை போட்டுச் சிரிக்கிற வெள்ளைக்காரன் யாரென்று கேட்டால் அவனுக்கே தெரியாது. (குளிர் மட்டும்தான் சொந்தம்.) நானும் அப்படி ஒரு படம் அனுப்பினேன். மற்றவர்களுடைய படங்கள் சுவரில் தொங்கின. என்னுடைய படத்தைப் பார்த்து ஒருத்தர் வாகனமே செய்துபோட்டார்.

படத்தில் இருந்தது ஒரு கரவன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், கடற்கரையில் விட்டு, உள்ளேயே சமைத்துப் படுத்து எழும்புகிற சின்ன வீடு. வடக்கு ஜேர்மனியில் கோடை காலம் வந்தால் கடற்கரை முழுக்க அதுகள்தான். அப்படி ஒரு வெள்ளைக் கரவனின் கதவில் கையை ஊன்றி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறேன். படத்தின் பின்பக்கத்தில், 'லீவுக்கு வந்த இடத்தில்' என்று எழுதியிருந்தேன்.

லீவுக்கு வந்தது கரவனின் சொந்தக்காரர். நான் அந்த இடத்தில் கக்கூசு கழுவுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். படம் எடுத்த கிழவர், கூட்டிக் கழுவுகிற தும்புத்தடியையும் பிடித்துக்கொண்டு நின்றால் வடிவாக இருக்கும் என்று கையால் காட்டினார். நான் அதைக் கரவனுக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் சிரித்தேன்.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற சைவக் குடும்பம் எங்களுடையது. கக்கூசு வேலைக்கென்று சில மனிதரை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்களுடைய பேரைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லுகிற ஆட்கள் நாங்கள். வீட்டுக்கு 'ஹொட்டலில் வேலை' என்று எழுதினேன். உண்மை தெரிந்தவன் ஒருத்தன்தான். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த குருநகர் ஜோசப். அவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதுவேன். அவனும் பதிலுக்கு, 'கழுவுறது கழுவுறாய், வடிவாக் கழுவு, எங்கடை மானம் போகாமல்' என்று எழுதுவான்.

தொண்ணூறாம் ஆண்டு, இந்திய ஆமி திரும்பிப் போய், அடுத்த சண்டை இன்னும் தொடங்காமலிருந்த அந்தச் சில மாதங்களுக்குள் நான் கலியாணம் செய்ய லீவில் வந்தேன். புத்தூரில் பெண் பேசி முற்றாகியிருந்தது. பேர் வதனி. உடுவிலில் படித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். தகப்பன் றோட்டு வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். அவர் வீட்டுக்குள் நடந்தால்கூடத் தரை மட்டமா என்று பார்ப்பது போலத்தான் நடப்பார். தம்பி குகன் வாகனங்களுக்கு இரும்பு ஒட்டுகிற கராச் வைத்திருந்தான்.

முதல் தரம் அவர்கள் வீட்டுக்குப் போன அன்றே குகன் என்னைக் கையில் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், கண்ணை மூடுங்கோ."

மூடினேன்.

"இப்ப பாருங்கோ. ஜேர்மன்காரன் கண்டால் அழுதுபோடுவான்."

யாரோ வெளிநாடு போகிறபோது கராச்சில் விட்டுவிட்டுப் போன பழைய மினிபஸ். சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் பலகைக் கட்டில் அடித்திருந்தான். நடுவில் குசினி: மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு குட்டி அலுமாரி. கூரையில் தண்ணீர்ப் பீப்பாய். யன்னலுக்குப் பூப்போட்ட திரை. கலியாணப் பேச்சில் அவர்கள் கைக்குப் போன என்னுடைய படத்தை முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்தான், சாமிப்படம் ஒட்டுகிற இடத்தில்.

"நீங்கள்தான் பிழை திருத்தங்கள் சொல்லவேணும்" என்றான்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். 'ம்' என்றேன். திரையின் நிறம் கொஞ்சம் கூட என்றேன். (கரவனுக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்னுடைய தொழில் வெளியே.) பிறகு அவன் பின்பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, "கக்கூசு!" என்றான், பிள்ளை பிறந்த செய்தி சொல்லுகிற மாதிரி.

பலகைப் பெட்டி. மேலே வட்டமாக வெட்டிய ஓட்டை. கீழே ஒரு வாளி. அவ்வளவுதான். வாளிக்கு மூடி இல்லை. அது அசையாமல் இருக்க ஒரு சட்டம் இல்லை. கண்ட உடனேயே எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். மூடி போடு, சுற்றிவரச் சட்டம் அடி, சாம்பலும் சுண்ணாம்பும் வை, பாதி நிரம்ப முதல் ஊற்று, அதோடு மட்டும் வாகனத்தை ஆட்டாதே. வாய்வரை வந்தது. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான்.

"உதைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றேன். "அதுக்கு அங்கை வேறை ஆக்கள் இருக்கினம்."

மணற்காட்டுக்குப் போவதென்று முடிவானது. அங்கே சவுக்கங்காடு இருக்கிறது, கடல் இருக்கிறது, ஜோசப்பின் அத்தை வீடும் இருக்கிறது. மீன்பிடிக்கிற ஊர். வாகனம் விட, கிணற்றில் தண்ணீர் அள்ள ஜோசப்தான் சொல்லி ஒழுங்கு செய்தான். போன ஆட்கள்: மாமா (ஓவசியர்), மாமி, வதனி, குகன், என் அக்கா, ஜோசப், நான். நான் பின்னுக்கு இருந்து வழிகாட்டிக்கொண்டு வந்தேன். றோட்டுத் தெரிந்த குகனுக்கு, றோட்டுத் தெரியாத நான்.

சவுக்கங்காட்டுக்குள் இறுகிய நிலத்தில், நல்ல நிழலில் குகன் வாகனத்தை நிறுத்தினான். அத்துடன் விட்டிருக்கலாம். மாமா இறங்கிக் காலால் நிலத்தை உதைத்துப் பார்த்து, "நல்ல இடம்" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லாவிட்டால் ஜேர்மனி மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

"அங்கை இப்பிடி விடுறேல்லை, மாமா. மூஞ்சை கடலைப் பார்க்க வேணும்."

"மணல் சரிவாக் கிடக்கு, தம்பி."

"அங்கையும் சரிவுதான்."

குகன் உடனே வாகனத்தை எடுத்து, கடலைப் பார்த்துச் சரிவில் இறக்கி விட்டான். முன்பக்கம் பதிந்து, பின்பக்கம் உயர்ந்து, தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி நின்றது. உள்ளே நின்றால் எல்லோரும் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்துகொண்டு நிற்கவேண்டும். அதுதான் கரவன் முறை என்று மாமி நினைத்துக்கொண்டார்.

பின்னேரம் அடுத்த பாடம். ஜேர்மன் கிழவர்கள் பொழுதுபடுகிற நேரம் கதிரை போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். எங்களுடைய ஆட்களையும் கதிரை போட்டு வரிசையாக இருத்தி, "கதைக்கக் கூடாது" என்றேன். இருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டி, மாமி வெள்ளைச் சேலை. கூடையோடு அந்த வழியால் வந்த ஒரு மனிசி எங்களைக் கண்டதும் நடையைத் தளர்த்தி, ஜோசப்பிடம் மெதுவாக, "ஆர் தம்பி தவறினது?" என்று கேட்டா.

இதற்கிடையில் அந்தப் பின்கதவு. முதலில் எல்லோருக்கும் கூச்சம். வெட்டவெளி மணல், சவுக்க மரங்களுக்குக் கீழேயும் ஒதுங்க ஒரு பற்றை இல்லை, அக்கம்பக்கத்தில் வலை காயப்போடுகிற ஆட்கள். அதனால் ஒவ்வொருத்தராக, ஏதோ எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய், ஏதோ எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் போனதென்று நினைத்தார்கள். எல்லோருடைய கணக்கும் தெரிந்தவன் நான். ஒவ்வொரு தரமும் அந்தக் கதவு சாத்துப்படுகிற சத்தம் கேட்கிறபோது மனதுக்குள் ஒன்று கூட்டிக்கொண்டேன். (நான் போகவில்லை. அதுவேறு.)

ஜோசப் என்னைத் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"உள்ளதைச் சொல்லிப்போடு, மச்சான். சொல்லிப்போட்டு அந்த வாளியைப் பார். உனக்குத்தானே தெரியும்."

"கலியாணம் முடியட்டும்."

"வாளி கலியாணம் வரைக்கும் பொறுக்காது" என்றான்.

காலமை எழும்பியபோது காற்று விழுந்திருந்தது. வாகனத்துக்குள் யாரும் மூக்கால் மூச்சு விடவில்லை. மாமி குகனின் காதுக்குள் ஏதோ சொன்னார். குகன் மாமாவுக்குச் சொன்னான். ஆம்பிளைகள் நாலு பேரும் ஒரு சவுக்க மரத்துக்குக் கீழே கூடினோம். ஊருக்குள் றோட்டுப் போடுவதைப் பற்றிக் கதைக்கிற முகத்தோடு மாமா தொண்டையைச் செருமினார். பிறகு ஜோசப்பின் பக்கம் திரும்பினார்.

"ஜோசப் தம்பி, உங்கடை ஆக்கள் இஞ்சை கிட்டத்தானே இருக்கினம். உதை எடுத்து ஊத்த ஆரையேன் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் மோசம். முதல் நாள் கிணற்றடியில் எங்களுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தந்தது அந்த ஆட்கள்தான். ஜோசப்பின் அத்தை, நாங்கள் சைவம் என்று கேள்விப்பட்டு, தங்களுடைய பானையில் எங்களுக்கு ஒன்றும் சமைக்கக் கூடாதென்று இளநீர் மட்டும் வெட்டித் தந்தா.

ஜோசப் மாமாவை நேரே பார்த்தான்.

"அவையள் மீன் பிடிக்கிற ஆக்கள், ஐயா" என்றான்.

பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் எனக்கு விடை தெரிந்த கேள்வியை வாத்தியார் கேட்டால், கையை உயர்த்தடா என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

நான் ஒரு சவுக்கங்காயைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில், 'நான் செய்யிறன் மாமா' என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்கை உதை எடுக்கிறேல்லை. அதோடையே ஓடிக்கொண்டு போய் ஒரு இடத்திலை ஊத்துறது."

"அப்ப ஓடுவம்" என்றான் குகன், பெரிய பாரம் இறங்கியது போல.

வாகனத்தைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் ஏற்றவேண்டும். சில்லுகள் இரவோடிரவாக மணலில் புதைந்திருந்தன. எல்லோரையும் இறங்கச் சொன்னோம். மாமா முன்கட்டிலில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் ஒராள் இறங்கி என்ன பாரம் குறையப்போகுது" என்றார். அவர் இறங்காதபடியால் மாமியும் இறங்கவில்லை. ஜோசப்பும் நானும் முன்னுக்கு நின்று தள்ளினோம். குகன் எஞ்சினை உறுமவிட்டான். வாகனம் பின்னுக்கு ஒரு பாய்ச்சல் பாய்ந்து, நின்று, மறுபடி முன்னுக்கு விழுந்தது.

பின்னுக்குள்ளே 'டொங்' என்று ஒரு சத்தம்.

மேடு பின்பக்கம். பள்ளம் முன்பக்கம். மாமா இருந்தது முன்கட்டிலில். மிச்சத்தை விபரமாக எழுத எனக்கும் விருப்பமில்லை, வாசிக்க உங்களுக்கும் இருக்காது. கண்ணாடிக்கு ஊடாக நான் கண்டது இவ்வளவுதான்: மாமி கட்டிலில் ஏறி நிற்கிறார். மாமா புட்டுத் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கி வைத்திருக்கிறார். அவருடைய தோல் செருப்பு தன்பாட்டில் முன்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. குகன் சாரதிக் கதவால் குதித்து, கடலடிக்கு ஓடி, குனிந்து சத்தி எடுக்கத் தொடங்கினான்.

யாரும் அசையவில்லை. வெளியே விறகு மூட்டிய அடுப்படியில் நின்ற அக்காவும் வதனியும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்தது.

"ஒருத்தரும் நிலத்திலை கால் வைக்காதேங்கோ. அக்கா, அடுப்புச் சாம்பல் முழுக்கக் கொண்டு வா. ஜோசப், யன்னல் எல்லாத்தையும் திற."

லோங்ஸை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு ஏறினேன். முதலில் காய்ந்த மணலைக் கொட்டி ஊறவிட்டேன். அதற்குமேல் சாம்பல். ஒரு பலகைத் துண்டால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே பக்கமாக வழித்தேன். குறுக்கே இழுத்தால் பரவும். வழித்ததைத் தூரத்தில் கிடங்கு கிண்டிப் புதைத்தேன். மாமாவை முதுகில் சுமந்து வெளியே கொண்டு வந்து கதிரையில் இருத்தினேன். மாமியை அக்கா கை கொடுத்து இறக்கினா. பிறகு கடல்தண்ணீர், சவர்க்காரம், தும்புத்தடி, மறுபடி தண்ணீர். கட்டில் காலுக்கு உள்பக்கம், கதவு இடுக்கு, செருப்பு, கடைசியாக வாளி. ஒரு இடமும் விடவில்லை. மூன்று கோடையாகச் செய்த வேலை.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நான் வாயைக் குவித்துச் சீக்கா அடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் அக்கா சொன்னா. வேலையிடத்தில் எனக்கு அந்தப் பழக்கம்.

வதனிதான் கேட்டா.

"உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?"

பொய் ஒன்று தேடிப் பார்த்தேன். கையில் தும்புத்தடி இருந்தது.

"நான் கரவன் வச்சிருக்கேல்லை" என்றேன். "அந்த இடத்திலை கக்கூசு கழுவுறனான். அதுதான் என்ரை வேலை."

மாமா கடலைப் பார்த்தார். ஒருவரும் கதைக்கவில்லை. முதல் நாள் நான் படிப்பித்த மாதிரியே, பேசாமல்.

சாமான்களைக் கட்டுகிறபோது ஜோசப் எனக்குப் பக்கத்தில் வந்தான். அவன் சிரிப்பான், தோளில் தட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"இப்ப சொன்னதைக் கொஞ்சம் முன்னம், அந்த மரத்தடியிலை சொல்லியிருக்கலாம்."

வாகனம் புத்தூருக்குத் திரும்பியது. ஜோசப் எங்களோடு வரவில்லை. அத்தை வீட்டில் நின்றுவிட்டான்.

கலியாணம் குழம்பியது என்று நினைத்து அக்கா வீட்டில் அழுதுகொண்டிருந்தா. நான் வாழைத்தோட்டத்துக்குள் ஒளித்துத் திரிந்தேன். சில நாள் கழித்து வதனி, பள்ளிக்கூடம் முடிந்து, துணைக்கு ஒருவரும் இல்லாமல் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தா. அந்தக் காலத்தில், அந்த நிலைமையில், ஒரு பெண் அப்படி வருவது சின்ன விஷயம் இல்லை. உள்ளே வரவில்லை. படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அப்பா இன்னும் முடிவு சொல்லேல்லை. நான் சொல்ல வந்தனான்."

"சொல்லுங்கோ."

"நீங்கள் என்ன வேலை செய்தாலும் எனக்கு ஒண்டுமில்லை. வீட்டிலையும் உந்த வேலை தெரிஞ்ச ஆள் நல்லதுதான்." முகத்தில் சிரிப்பில்லை. "ஆனால் அப்பா ஜோசப் அண்ணையைக் கேக்கேக்கை நீங்கள் வாயைத் திறக்கேல்லை எண்டு குகன் சொன்னவன். அது உண்மையே?"

"ஓம்."

"அவரிட்டைப் போய்க் கதைச்சிட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு மிச்சத்தைப் பாப்பம்."

போனேன். ஜோசப் வீட்டு முன்றலில் வலை பொத்திக்கொண்டிருந்தான். என்னை இருக்கச் சொன்னான். தேத்தண்ணி தந்தான். வரும் வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்த வசனம் எனக்கு மறந்துவிட்டது. "பிழைதான்ரா" என்று மட்டும் வந்தது.

"உன்ரை மாமா தெரியாமல் என்னைக் கேட்டவர்" என்றான் அவன், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ தெரிஞ்சுகொண்டு நிண்டனி."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு வேறு கதை கதைத்தோம். போகிறபோது, கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் வீடு தேடி வந்து அடிப்பேன் என்றான். வந்தான். சண்டை திரும்பத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பாக, மாமாவும் சம்மதித்து, அவசரம் அவசரமாக நடந்த அந்தக் கலியாணத்தில் மாமா எழுந்து போய், அவனைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து முதல் பந்தியில் இருத்தினார். எதற்காக என்று அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது எங்களுடைய குடும்பம் நாலு நாட்டில் இருக்கிறது. கலியாணம், பிறந்தநாள், எதற்குக் கூடினாலும் இந்தக் கதை வரும். குகன் மாமாவின் காலைப் போலத் தன் காலைத் தூக்கிக் காட்டுவான். எனக்குக் குடும்பத்தில் 'கரவன் அத்தான்' என்று பேர். புதுவீடு வாங்குகிறவர்கள் என்னைத்தான் முதலில் குளியலறைக்குள் அனுப்புவார்கள், ஜேர்மனியில் படித்த ஆள் பார்க்கட்டும் என்று. மகளுக்கு இந்தக் கதை தலைகீழாகப் பாடம். அவள் சொல்லுகிற கதையில் இரவு விடிகிறது, வாளி நிரம்பியிருக்கிறது, உடனே குகன் எஞ்சினை உறுமவிடுகிறான். மரத்தடி அதில் இல்லை.

போன வருடம் ஜோசப் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி இருந்துகொண்டு, மாமா, நீங்கள் நேரிலை கண்டனீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கோ என்று பிடித்துக்கொண்டார்கள். அவன் நல்லாகச் சொன்னான். கூடைக்கார மனிசியின் குரலில் கதைத்தான். செருப்பு போன விதத்தைக் கையால் காட்டினான். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. கதை அந்தக் காலமைக்கு வந்தது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"விடிஞ்சுது. வாளி நிரம்பியிட்டுது" என்றான் ஜோசப். ஒரு நொடி நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. "அப்ப குகன் போய் எஞ்சினை ஸ்ராட் பண்ணினான்..."

பிள்ளைகள் சிரித்தார்கள். வதனி எழும்பிக் குசினிக்குள் போனா. நானும் சிரித்தேன், மற்றவர்களை விடக் கொஞ்சம் சத்தமாக.